மாலிபுவா, கேம்ரியா: கையில் இருக்கும் பணத்துக்கு எந்தக் கார்?

மிச்சிகனில் முதல் பனி விழும் நேரத்தில் ஆண்டுதோறும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். சென்ற முறை கேட்டவர் நோவை நகரில் குடியேறி ஆறு மாதமான இளம் பொறியாளர். மனைவிக்கு ஏழாம் மாதம். வேலைக்குப் போக 25 மைல், திரும்பி வர 25 மைல். அதுவரை நண்பரின் காரில் போய் வந்தவருக்கு இனிச் சொந்தக் கார் இல்லாமல் முடியாது. கையில் இருப்பதும் கடனாகக் கிடைப்பதும் சேர்த்து 15,000 டாலர். அதற்கு மேல் நீட்ட வழியில்லை என்றார்.

அவர் அனுப்பிய பட்டியலில் நான்கு கார்கள் இருந்தன. 44,000 மைல் ஓடிய 2022 செவர்லே மாலிபு, 97,000 மைல் ஓடிய 2018 டொயோட்டா கேம்ரி, 92,000 மைல் ஓடிய 2018 ஹோண்டா அக்கார்ட், 66,000 மைல் ஓடிய 2020 ஹூண்டாய் சொனாட்டா. நான்கும் 15,000 டாலருக்குச் சற்று முன்பின். "அண்ணா, அலுவலகத்தில் எல்லோரும் கேம்ரியைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். பாதி ஓட்டம்கூட ஓடாத மாலிபுவை விட்டுவிட்டு, ஒரு லட்சம் மைலை நெருங்கும் காரை நான் எப்படி வாங்குவது?" என்று கேட்டார்.

அலுவலகத்தார் சொன்னதில் தவறில்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். 2022 மாலிபுவும் 2022 கேம்ரியும் அருகருகே நின்றால், இரண்டில் எது நல்ல கார் என்று கேட்டவருக்கு நானும் கேம்ரி என்றுதான் சொல்வேன். அந்த இரண்டும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லையே! ஒரே ஆண்டுக் கார்களை ஒப்பிடுவது கார் விமர்சகர்களின் வேலை. ஒரே பணத்துக்குக் கிடைக்கும் கார்களை ஒப்பிடுவதுதான் வாங்குகிறவரின் வேலை. இங்கே நான் பார்ப்பது இரண்டாவது கணக்கை.

மாலிபு ஏன் மலிவு?

மாலிபு என்பது பழைய பெயர். 1964இல் செவர்லே நிறுவனம் தன் செவெல் காரின் உயர்ரக வடிவத்துக்கு வைத்தது. அன்றிலிருந்து ஒரு கோடிக்கும் மேலான மாலிபுக்கள் விற்றிருக்கின்றன. 2016 மாடலாக வந்த கடைசித் தலைமுறையின் கடைசிக் கார், கான்சாஸ் மாநிலத்தின் ஃபேர்ஃபேக்ஸ் ஆலையிலிருந்து 2024 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு முன்பே கிரைஸ்லர் 200 கார் 2016இலும் ஃபோர்டு ஃப்யூஷன் 2020இலும் நின்றுபோயின. 1992 முதல் 1996 வரை இந்த நாட்டில் மிக அதிகம் விற்ற கார் ஃபோர்டு டாரஸ். 1997இல் அந்த இடத்தைக் கேம்ரி பிடித்தது. டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்த களத்தில் கடைசிவரை நின்றது மாலிபுதான்.

விலை இறங்கக் காரணங்கள் மூன்று. வாடகைக் கார் நிறுவனங்கள் மாலிபுவை மொத்தமாக வாங்கி, ஓரிரு ஆண்டில் மொத்தமாகச் சந்தையில் விட்டன. குடும்பங்கள் செடானை விட்டு எஸ்.யு.வி. பக்கம் போய்விட்டன. கேம்ரிக்கும் அக்கார்டுக்கும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை இதற்கு வாய்க்கவில்லை. இந்த மூன்றில் ஒன்றுகூடக் கார் மோசம் என்று பொருள்படாது. முதல் உரிமையாளரின் நட்டம் இரண்டாவது உரிமையாளரின் ஆதாயம், அவ்வளவுதான்.

உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை தரும் காரை வாங்க வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு அந்த எண்ணத்தின் மீது மரியாதை உண்டு. ஆனால் அக்கார்ட் 1982 முதல் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் தயாராகிறது. கேம்ரி 1988 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில். அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஹூண்டாய் 2005இல் தொடங்கிய ஆலையின் முதல் காரே சொனாட்டாதான். தொழிற்சங்கத்தில் இருக்கும் தொழிலாளர்கள் கட்டிய காராக இருக்க வேண்டும் என்பவருக்கு மட்டும் இந்த நான்கில் மாலிபு ஒன்றுதான் விடை.

எதை வைத்து எடை போடுவது?

ஐந்து விஷயங்களை நான் பார்ப்பேன். முதலாவது, வாங்கும் நாளில் போகும் பணம், கடன் வட்டியோடு சேர்த்து. இரண்டாவது, பெட்ரோல். மூன்றாவது, அடுத்த மூன்று ஆண்டுகளில் வரக்கூடிய பழுதும், அதைத் தாங்க வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்பதும். நான்காவது, விபத்தைத் தவிர்க்கும் கருவிகளும் பின்சீட்டும். ஐந்தாவது, விற்கும் நாளில் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும். விசாவில் இருப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

| கார் | எஞ்சினும் கியரும் | கேலனுக்கு மைல் | தானாகப் பிடிக்கும் அவசர பிரேக் | எஞ்சின், கியர் வாரண்டி |
|---|---|---|---|---|
| 2022 மாலிபு, 44,000 மைல் | 1.5 லிட்டர் டர்போ, சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் பெட்டி) | சுமார் 31 | காருக்குக் கார் மாறும் | மிச்சம் உண்டு |
| 2018 கேம்ரி, 97,000 மைல் | 2.5 லிட்டர், 8 கியர் ஆட்டோமேட்டிக் | 32 முதல் 34 | எல்லாக் கார்களிலும் உண்டு | முடிந்தது |
| 2018 அக்கார்ட், 92,000 மைல் | 1.5 லிட்டர் டர்போ, சி.வி.டி. | 31 முதல் 33 | எல்லாக் கார்களிலும் உண்டு | முடிந்தது |
| 2020 சொனாட்டா, 66,000 மைல் | 2.5 லிட்டர், 8 கியர் ஆட்டோமேட்டிக் | சுமார் 32 | எல்லாக் கார்களிலும் உண்டு | முடிந்தது |

பெட்ரோல் கணக்கில் நான்குக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹைபிரிட் போனால்தான் மாறும். அதைக் கேம்ரியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

செவர்லே மாலிபு

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் அமைதியான கார். குண்டும் குழியுமான மிச்சிகன் சாலையை இதன் சஸ்பென்ஷன் நன்றாகத் தாங்கும். டிக்கி 15.7 கன அடி. இந்தியாவிலிருந்து வரும் பெற்றோரின் இரண்டு பெரிய பெட்டிகளையும் கைப்பெட்டிகளையும் சிரமமில்லாமல் அடுக்கலாம். கைப்பேசியை இணைக்கும் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இந்தத் தலைமுறையோடு தொடக்கத்திலேயே வந்துவிட்டன. ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்கான 'டீன் டிரைவர்' வசதி முதன்முதலில் வந்தது 2016 மாலிபுவில்தான். பிள்ளை சீட் பெல்ட் போடும்வரை பாட்டு ஒலிக்காது. எவ்வளவு வேகத்தில் போனார், எத்தனை முறை எச்சரிக்கை ஒலித்தது என்று பெற்றோர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது உண்மையாகவே பயன்படும்.

இனிக் குறைகள். 160 குதிரைத்திறனை ஒட்டிய 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு பேரோடு நெடுஞ்சாலையில் ஏறும்போது திணறும். 2.0 லிட்டர் டர்போ எஞ்சினும் 9 கியரும் கொண்ட, 250 குதிரைத்திறன் தரும் உயர்ரக மாலிபு 2022 மாடலோடு நின்றுபோனது. அது கிடைத்தால் வேறு அனுபவம்.

எந்த ஆண்டு மாடல் என்பது இந்தக் காரில் மிக முக்கியம். 2016, 2017 கார்கள் சிலவற்றில் 1.5 லிட்டர் எஞ்சினின் பிஸ்டன் விரிசல் விட்டிருக்கிறது. குறைந்த வேகத்தில் எரிபொருள் காலத்துக்கு முந்தித் தீப்பற்றுவது அதற்குக் காரணம். அதனால்தான் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 'டெக்ஸோஸ் 1' தரமுள்ள ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்கிறது. மலிவான ஆயில் ஊற்றி வளர்த்த மாலிபுவை வாங்காதீர்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். அதே காலத்துக் கார்களில், வண்டியைப் பார்க்கில் போட்ட பிறகும் 'பார்க்கில் போடவும்' என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கும் தொல்லையும் உண்டு. 2019 மாடலில் 6 கியர் பெட்டி போய் சி.வி.டி. வந்தது. கியர் மாறும் உதறல் இல்லாமல் ஓடும். ஆனால் பழுதானால் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்ய மாட்டார்கள். முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள். அதன் செலவு பல ஆயிரம் டாலர். இந்தக் காரில் என்னை உறுத்துவது இந்த ஒன்றுதான்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக ஒன்று இருக்கிறது. செவர்லே காரின் எஞ்சினுக்கும் கியருக்கும் ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் வாரண்டி உண்டு. கார் கைமாறினாலும் அது காரோடு வரும். முதல் உரிமையாளர் காரைச் சாலையில் இறக்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். 44,000 மைல் ஓடிய காரில், ஐந்து ஆண்டு அதற்குள் முடியாவிட்டால், 16,000 மைல் மிச்சம் இருக்கிறது. சி.வி.டி.யில் குறை இருந்தால் அது தலைகாட்டுவதற்கு அதுவே போதுமான காலம் என்பது என் எண்ணம். வாரண்டி முடிந்த, 80,000 மைல் ஓடிய மாலிபுவை இன்னும் 2,000 டாலர் குறைத்துத் தந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. கேம்ரியும் அக்கார்டும் 2018இலிருந்தும் சொனாட்டா 2020இலிருந்தும் அவசர பிரேக்கை எல்லாக் கார்களுக்கும் கொடுத்துவிட்டன. மாலிபுவின் விலை குறைந்த வகைகள் பலவற்றில் அதைத் தனிப் பணம் கொடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. வாடகை நிறுவனங்கள் எடுத்தவை பெரும்பாலும் அப்படிப்பட்ட வகைகள்தான். முன்னால் போகும் கார் திடீரென நிற்கும்போது உங்கள் கார் தானாகப் பிரேக் பிடிப்பது ஆடம்பரமன்று. கைக்குழந்தையோடு பனியில் ஓட்டப் போகிறவர் அது இல்லாத காரை வாங்கக் கூடாது.

டொயோட்டா கேம்ரி

சென்னையில் கேம்ரி என்றால் பெரிய முதலாளிகளின் கார். இங்கே அது பள்ளி ஆசிரியரின் கார், செவிலியரின் கார், ஊபர் ஓட்டுநரின் கார். அத்தனை பேரும் அதை நம்புவதற்குக் காரணம் எளிமை. 2.5 லிட்டர் எஞ்சினில் டர்போ இல்லை; 203 குதிரைத்திறன்; வழக்கமான 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. பராமரித்த காராக இருந்தால் 97,000 மைல் என்பது அதற்குப் பாதி வயதுதான்.

ஆனாலும் ஏழு ஆண்டுக் கார் ஏழு ஆண்டுக் கார்தான். அந்த வயதில் டயர், பிரேக், பேட்டரி, ஷாக் அப்சார்பர், கியர் ஆயில் எல்லாம் வரிசையாக முறைக்கு வந்து நிற்கும். மூன்று ஆண்டுக்கு 2,000 டாலராவது தனியாக எடுத்து வைக்க வேண்டும். மிச்சிகன் சாலையில் கொட்டும் உப்பு ஏழு குளிர்காலமாக அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். 2018 கேம்ரியில் கார்பிளே கிடையாது, 2019இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேம்ரி என்ற பெயருக்காகவே சிலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள் என்பது விற்கிறவர்களுக்கும் தெரியும். அடிபட்டு, காப்பீட்டு நிறுவனம் கைவிட்டு, மீண்டும் ஒட்டுப்போட்ட கேம்ரிகள் சந்தையில் நிறைய உலவுகின்றன.

விற்கும் நாளில்தான் கேம்ரியின் அருமை தெரியும். எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் புறப்பாடு. அப்படிப்பட்ட நெருக்கடியில் சென்ற ஆண்டு ஒரு குடும்பத்துக்கு உதவப் போயிருந்தேன். அவர்களுடைய கேம்ரி ஒரே வார இறுதியில் நல்ல விலைக்குப் போனது. அதே மாதத்தில் இன்னொருவரின் மாலிபு நான்கு வாரம் நின்றது. கடைசியில் வாங்க வந்தவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹைபிரிட் கேம்ரிக்கு நான் தனி ஓட்டு போடுவேன். அடிப்படை வகை கேலனுக்கு 52 மைல் தரும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுகிறவருக்கு, கேலன் 3.20 டாலர் என்று வைத்தால், மாலிபுவை விட ஏறத்தாழ 500 டாலர் மிச்சம். காரின் விலை 4,000 டாலர் கூடுதலாக இருந்தால் அதை மீட்க எட்டு ஆண்டு ஆகும். இரட்டிப்பாக ஓட்டுகிறவருக்கு நான்கே ஆண்டு. 2020 மாடலிலிருந்து ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா 10 ஆண்டு அல்லது 150,000 மைல் வாரண்டி தருவதால், பேட்டரி போய்விடுமோ என்ற பயம் அந்த ஆண்டுக்குப் பிந்திய கார்களில் வேண்டியதில்லை. 2025 மாடல் முதல் கேம்ரி ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது.

ஹோண்டா அக்கார்ட்

நான்கிலும் ஓட்டுவதற்கு இனிமையான கார் இதுதான் என்பது என் கருத்து. பின்சீட்டில் கால் வைக்கும் இடம் 40.4 அங்குலம். மாலிபுவிலும் கேம்ரியிலும் 38 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் கைக்குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகு, முன்சீட்டில் உட்காருகிறவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்குமா இடிக்காதா என்பதை அந்த இரண்டு அங்குலம்தான் தீர்மானிக்கும். டிக்கியும் 16.7 கன அடி.

தயக்கம் எஞ்சினில். 192 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் டர்போவில் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் இரு பாகங்களுக்கிடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விடுவதாக உரிமையாளர்களின் புகார்கள் நிறைய. எல்லாக் கார்களிலும் அல்ல. ஆனால் 92,000 மைலில், வாரண்டி இல்லாமல், அது உங்கள் தலையில் விழுந்தால் சில ஆயிரம் டாலர். குளிர் காலத்தில் குறுந்தூரம் மட்டுமே ஓடிய கார் என்றால் ஆயிலில் பெட்ரோல் கலக்கும் தொல்லையும் சேரும். ஹைபிரிட் அக்கார்டில் இந்த டர்போ இல்லை. விலை சற்றுக் கூடினாலும் நான் அதைத்தான் தேடுவேன்.

ஹூண்டாய் சொனாட்டா

ஸ்ரீபெரும்புதூர் ஆலையால் நமக்கு ஹூண்டாய் என்ற பெயர் வீட்டுப் பெயர் மாதிரி. அந்த நெருக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. இங்கே இதன் வரலாறு வேறு.

முதல் கண்ணி, வாரண்டி. 'பத்து ஆண்டு, ஒரு லட்சம் மைல்' என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவது கைக்கு வரும்போது ஐந்து ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். ஹூண்டாயின் சான்று பெற்ற பழைய காராக வாங்கினால்தான் நீண்ட வாரண்டி. நம் நண்பரின் பட்டியலில் இருந்த 66,000 மைல் சொனாட்டாவை விற்கிறவர் "வாரண்டி இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். எதுவும் இல்லை என்பதுதான் உண்மை.

இரண்டாவது, திருட்டு. 2015 முதல் 2019 வரையிலான சொனாட்டாக்களில், சாவி போட்டுத் திருகும் வகைகள் பலவற்றில் எஞ்சினைப் பூட்டும் மின்னணுக் கருவி இல்லை. அதைத் திருடர்கள் கண்டுபிடித்த பிறகு, 2023 தொடக்கத்தில் ஸ்டேட் ஃபார்ம், புரொக்ரெசிவ் போன்ற நிறுவனங்கள் சில நகரங்களில் ஹூண்டாய், கியா கார்கள் சிலவற்றுக்குப் புதிய காப்பீடே தர மறுத்தன. பொத்தானை அழுத்தி எஞ்சினைத் தொடங்கும் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2011 முதல் 2014 வரையிலான கார்களில் எஞ்சின் பேரிங் பழுதுக்காகப் பெரிய அளவில் திரும்ப அழைப்புகளும் (ரீகால்) நடந்திருக்கின்றன.

2020க்குப் பிந்திய சொனாட்டா அந்தப் பழைய கார் அல்ல. டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின், 8 கியர், குறைந்த விலைக்கு நிறைய வசதிகள். ஹைபிரிட் வகை கேலனுக்கு 52 மைல் வரை தரும். சான்று பெற்ற 2021 அல்லது 2022 சொனாட்டா, அதுவும் ஹைபிரிட்டாகக் கிடைத்தால், நான் இந்தப் பட்டியலின் மேலே வைப்பேன்.

மற்றவை

நிசான் அல்டிமா இன்னும் மலிவாகக் கிடைக்கும். 2013 முதல் 2016 வரையிலான கார்களின் சி.வி.டி. வாரண்டியை நிறுவனமே நீட்டிக்க வேண்டிவந்ததை மறக்க வேண்டாம். அந்த ஆண்டுகளைத் தொடவே வேண்டாம். பனி அதிகமான ஊரில் நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றால் சுபாரு லெகசியைப் பாருங்கள். கியா கே5, சொனாட்டாவின் உடன்பிறப்பு.

மோதல் சோதனைகள் சொல்வது

காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் கடுமையாக்கிய பக்கவாட்டு மோதல் சோதனையில், 2022இல், மாலிபு, அன்றைய கேம்ரி, அல்டிமா மூன்றும் கடைசித் தரமான 'மோசம்' என்பதையே வாங்கின. அக்கார்ட் அதற்கு ஒரு படி மேல். சொனாட்டா இரண்டு படி மேல். பின்சீட்டிலும் பொம்மையை உட்காரவைத்து நடத்திய முன்பக்கச் சோதனையில் 2023 அக்கார்ட் முதல் தரம் பெற்றது. சொனாட்டா கடைசித் தரத்துக்கு இறங்கியது. ஆக, எல்லாச் சோதனையிலும் வென்ற கார் இந்த நான்கில் இல்லை. கேம்ரி வாங்கினால் பாதுகாப்பு, மாலிபு வாங்கினால் ஆபத்து என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. மோதலைத் தவிர்க்கும் கருவி இருக்கிறதா என்று தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

எல்லாவற்றிலும் பெரியது வட்டி. புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இருக்காது. 3,000 டாலர் முன்பணம் கொடுத்து 12,000 டாலரை ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால், 6 சதவீதத்தில் மொத்த வட்டி ஏறத்தாழ 1,920 டாலர். 13 சதவீதத்தில் 4,380 டாலர். இடையில் போவது 2,460 டாலர். எந்தக் கார் என்று மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்கிறவர்கள், டீலர் நீட்டிய கடன் தாளில் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். காரைப் பார்க்கும் முன்பே இரண்டு கிரெடிட் யூனியன்களுக்கு (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி போன்றவை) போய், வேலைக் கடிதத்தைக் காட்டி, வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காப்பீடு. மிச்சிகன் காப்பீட்டுக் கட்டணத்துக்குப் பேர்போன மாநிலம். நான்கு காரின் அடையாள எண்ணையும் கொடுத்துக் கட்டணம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். ஒரே வீட்டுக்கு, ஒரே ஓட்டுநருக்குக் காருக்குக் கார் மாறும். டீலர் வாங்கும் ஆவணக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது; புளோரிடாவில் உச்சவரம்பே இல்லை. கடைசியாக, கடன் தாளோடு சேர்த்துத் திணிக்கும் கூடுதல் வாரண்டிகள். வேண்டாம் என்றால் வேண்டாம். அவை இல்லாமலும் கடன் கிடைக்கும்.

விற்கும் நாளின் கணக்கையும் போட்டுவிடுவோம். இவை என் கணிப்புகள். மூன்று ஆண்டு கழித்து அந்த மாலிபு 8,500 டாலருக்கும் கேம்ரி 10,500 டாலருக்கும் போகும் என்று வைத்துக்கொள்வோம். மாலிபுவில் இழப்பு 6,500, கேம்ரியில் 4,500. ஆனால் கேம்ரிக்கு எடுத்து வைக்கச் சொன்ன 2,000 டாலரைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'மலிவான கார் கடைசியில் விலை உயர்ந்தது' என்று ஆபீஸில் சொல்வது, ஒரே பணத்துக்கு வாங்கும்போது நிற்பதில்லை. மாலிபு மலிவு என்பதும் நிற்பதில்லை.

யாருக்கு எது?

ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவர், கிரீன் கார்டு வந்தவர், சிறு பழுதுக்கு அஞ்சாதவர்: கேம்ரி, மைல் கூடுதலாக இருந்தாலும்.

எந்த மாதம் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்குமோ என்ற நிலையில் இருப்பவர்: இவருக்கும் கேம்ரிதான். விரைவாகக் காசாக மாறும் என்ற ஒரே காரணம் போதும்.

இரண்டு அல்லது மூன்று ஆண்டு நிச்சயமாக இங்கே இருப்போம், காலையில் கார் கிளம்பாமல் நிற்கக் கூடாது, பழுதுபார்க்க நேரமில்லை என்பவர்: வாரண்டி மிச்சமுள்ள, அவசர பிரேக் உள்ள, 50,000 மைலுக்குள் ஓடிய மாலிபு. 90,000 மைலைத் தொடும் முன் விற்றுவிட வேண்டும். ஓட்டப் பழகும் பிள்ளைக்கு வாங்குகிறவருக்கும் இதையே சொல்வேன்.

இரண்டு குழந்தை இருக்கைகள் வைக்க வேண்டியவர், 20,000 டாலர் வரை போகக்கூடியவர்: அக்கார்ட் ஹைபிரிட். ஆண்டுக்கு 20,000 மைலுக்கு மேல் ஓட்டுகிறவர்: கேம்ரி ஹைபிரிட் அல்லது சான்று பெற்ற சொனாட்டா ஹைபிரிட்.

நோவை நண்பர் பார்த்த முதல் மாலிபுவில் அவசர பிரேக் இல்லை. "வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்" என்றேன். பத்து நாள் கழித்து, 70 மைல் தள்ளி, அந்த வசதியோடு ஒரு 2022 மாலிபு கிடைத்தது, 41,000 மைல். அதைத்தான் வாங்கினார்.

பார்க்கப் போகும் நாளில்

இந்த நாட்டில் என் முதல் காரை ஒரு டீலரிடம், மழை பெய்த இரவில், விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். பெயின்ட் பளபளத்தது. இரண்டு மாதத்தில் பிரேக் குழாய் துருப்பிடித்து ஒழுகியது. சரிசெய்ய 1,400 டாலர் ஆனது. பழுது பார்த்தவர் அடிப்பாகத்தைக் காட்டியபோது, பகலில் ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்று புரிந்தது. அதிலிருந்து யாருக்கும் பகலில் போகச் சொல்கிறேன்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். மாலிபுவிலும் அக்கார்டிலும் நின்ற இடத்திலிருந்து மெதுவாகவும், பிறகு நெடுஞ்சாலை வேகத்துக்கும் ஓட்டிப் பாருங்கள், சி.வி.டி. உதறினாலோ முனகினாலோ திரும்பி வந்துவிடுங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காரை ஏற்றிப் பார்க்க 150 முதல் 250 டாலர் ஆகும். யானை வாங்குகிறவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. காரின் 17 இலக்க அடையாள எண்ணை அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைத் தளத்தில் இட்டால், சரிசெய்யாமல் விட்ட திரும்ப அழைப்புகள் தெரியும். அவற்றை அந்தந்த நிறுவனத்தின் டீலர் இலவசமாகச் செய்துதர வேண்டும்.

குழந்தை இருக்கை வாங்கிவிட்டீர்களென்றால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பின்சீட்டில் பொருத்திவிட்டு, வீட்டில் உயரமானவரை முன்சீட்டில் உட்காரவையுங்கள். முழங்கால் இடித்தால் அந்தக் கார் உங்களுக்கு வேண்டாம்.